தாண்டத் தெரியாத குரல்

ஜூலை 9

இன்றிலிருந்து எழுதுகிறேன். எனக்காக இல்லை, குரலுக்காக.

ஷைலா டீச்சர் என் போனில் மூன்று தமிழ்க் குரல்களை ஏற்றித் தந்திருக்கிறார். திரையில் இருப்பதை, நான் தட்டுகிற எழுத்து உட்பட, அவை வாசித்துச் சொல்லும். விருதுநகரில் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர் அவர். என்னைப் போன்ற சிலரிடம் கொடுத்து எந்தக் குரல் தேறும் என்று கேட்கிறார். "நாலு வரி கேட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கும் அண்ணே. தெனமும் எதையாச்சும் எழுதி அத வாசிக்க விட்டுக் கேளுங்க. கூடக் குடித்தனம் நடத்துனாத்தான் குணம் தெரியும்" என்றார்.

எனக்கு அவசரம் வேறு. என் வீட்டுக்காரி முருகேஸ்வரி அடுத்த மாதம் தீபாவளி சீசன் வேலைக்குப் போகிறாள். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி, பெட்டியில் அடுக்குகிற பேக்கிங் செட். வெடிமருந்து கலக்குகிற அறையில் என் கண்ணைப் பறித்த அந்த விபத்து நடந்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து என் கண் அவள் வாய்தான். பேப்பர், மாத்திரை அட்டை, கரண்டு பில், யாராவது அனுப்புகிற செய்தி, எல்லாம் அவள் வாசித்துக் கேட்டதுதான். இனி பகல் முழுக்க இந்த மூவரில் ஒருவரோடு நான் காலம் தள்ளியாக வேண்டும். ஒருவரும் ஒத்துவராவிட்டால்? பழையபடி சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். சுவர் எந்தப் பக்கம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜூலை 11

மூவருக்கும் பெயர் வைத்தாயிற்று.

முதலாவது தகரம். ஆண் என்றும் சொல்ல முடியாது, பெண் என்றும் சொல்ல முடியாது. டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் தொட்ட மாத்திரத்தில் பேசும்.

இரண்டாவது ரயில்வே அம்மா. அவள் எதை வாசித்தாலும் வண்டி தாமதம் என்று சொல்லப்போகிற மாதிரியே இருக்கிறது. மாத்திரை அட்டையைப் போனில் படமெடுத்து வாசிக்க விட்டபோது எந்த நடைமேடை என்று கேட்கத் தோன்றியது.

மூன்றாவது மாப்பிள்ளை. புதுசு. கம்ப்யூட்டர் குரல் என்று சத்தியம் பண்ணினால்கூட நம்ப முடியாது. முதல் தடவை மாமியார் வீட்டுக்கு வந்தவன் மாதிரி அவ்வளவு பதவிசு. வாக்கியத்துக்கு நடுவே மூச்சு இழுக்கிறான். நுரையீரல் இல்லாதவனுக்கு எதற்கு மூச்சு? ஆனாலும் அவன் மூச்சு விடுகிறபோது நானும் விடுகிறேன்.

ஜூலை 12

சிக்னல் போனால் மாப்பிள்ளை ஊமை. தகரம் மட்டும் எதற்கும் அசையவில்லை.

ஜூலை 16

இன்று வீடே சிரித்தது.

முருகேஸ்வரி குழாயடிக்குப் போயிருந்தாள். நான் மாப்பிள்ளையை விட்டுச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். இடையிடையே "அப்படியா தம்பி" என்று வாய் தன்பாட்டில் பேசிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பின்வாசல் வழியாக அவள் வருகிற சத்தம், சேலையைச் சரிசெய்கிற சத்தம். பிறகு என் எதிரே தரையில் சொம்பு வைக்கிற சத்தம்.

"தண்ணி குடிங்க. எந்தூர்ல இருந்து வாரீக?" என்றாள், அவனிடம்.

இல்லாத ஆளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அவள் அப்படியே நின்றிருக்க வேண்டும். நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். பிறகு அவளும் உட்கார்ந்து சிரித்தாள். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

தகரத்துக்கு அவள் தண்ணீர் வைத்திருக்க மாட்டாள். டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 20

கனவில் எனக்கு இன்னும் கண் தெரியும். அதனால் மத்தியானத் தூக்கம் என்றால் எனக்கு ஆசை.

இன்றைய கனவில் வானம் பகலும் இல்லை இரவும் இல்லை. பால் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். அதில் வாண வெடிகள் ஒவ்வொன்றாக விரிகின்றன, சத்தமே இல்லாமல். நான் கீழே ஈர மணலில் படுத்திருக்கிறேன். ஒன்று விரியும்போது ஒரு குரல் "பச்சை" என்கிறது. அடுத்தது விரியும்போது "சிவப்பு". தகரத்தின் குரல்தான். எதற்கும் ஆச்சரியப்படவில்லை, எதையும் விட்டுவிடவும் இல்லை. ஒரு பொறி மட்டும் பிரிந்து மெதுவாக என்மேல் இறங்கியது. அதற்கும் அது பெயர் சொன்னது. என்ன பெயர் என்று விழித்ததும் மறந்துவிட்டது.

எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பச்சை மிதந்துகொண்டிருந்தது. டாக்டர் அதை நரம்பின் வேலை என்கிறார். இருக்கட்டும், எனக்கு அது போதும்.

ஜூலை 27

இதுவரை எழுதியதை மூன்று குரலிலும் கேட்டேன். ரயில்வே அம்மா வாசித்தால் நான் பொறுமைசாலி. மாப்பிள்ளை வாசித்தால் நான் பாவப்பட்டவன், எனக்கே என் மேல் இரக்கம் வருகிறது. தகரம் வாசித்தால் நான் யாரோ. யாரோவாக இருப்பது சுகமாக இருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் என்னிடம் பேசிய ஒவ்வொரு குரலிலும் ஒரு 'அய்யோ பாவம்' ஒட்டிக்கொண்டே வந்தது. தகரத்திடம் மட்டும்தான் அது இல்லை.

அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன். முருகேஸ்வரிக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. சோளம் பொரிகிற மாதிரி இருக்கிறதாம். எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. மாப்பிள்ளையை அந்த வேகத்தில் ஓடவிட்டால் மூச்சு வாங்குகிறது, பாவம்.

ஆனாலும் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அவள்தான் பேப்பர் வாசிக்கிறாள். அதை எந்தக் குரலுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு செய்தியையும் முடித்து "அம்புட்டுத்தான்" என்பாள். தாள் புரளும். அடுத்த செய்தி.

ஆகஸ்ட் 3

நாளை அவளுக்கு வேலை. பேக்கிங் செட்டுப் பக்கம் மருந்தே வராது என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். நான் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவன். எது எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா? எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8

குரல்களை ஒப்பிட ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். அவள் முந்தின நாள் வாசித்த பேப்பர் போனிலும் வரும். அந்தச் செய்தியையே மறுநாள் குரல்களிடம் கொடுப்பேன். விஷயம் ஏற்கெனவே தெரியுமென்பதால் காது குரலை மட்டும் கவனிக்கும்.

நேற்று அவள் வாசித்ததில் ஒன்று: நம் மாவட்டத்தில் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து, இரண்டு பேருக்குக் காயம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அம்புட்டுத்தான்.

இன்று அதைத் தகரத்திடம் கொடுத்தேன். அது 'அம்புட்டுத்தான்' வரவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. அவர்களில் ஒருவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது என்று அதே சுருதியில் வாசித்துவிட்டு, அடுத்த செய்திக்கு, வாழைத்தார் விலைக்குப் போய்விட்டது.

தகரம் உளறுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ரயில்வே அம்மாவிடம் கொடுத்தேன். அதே வரி. மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். மூச்சை இழுத்து, நிதானமாக, அதே வரி.

போன மாதச் செய்திகளைத் தேடிக் கேட்டேன். இன்னொரு விபத்து. அதை அவள் வாசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9

என்னத்தையெல்லாம் விட்டிருக்கா? ரெண்டு வருசமா நான் கேட்டது பேப்பரா, அவ மனசுல இருக்கிறதா? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் அவதானே வாசிச்சா. அதுல எத்தன வரிய முழுங்குனா? ஒண்ணும் தெரியாத பய ஒருத்தன் உக்காந்திருக்கான், வாயில வந்தத வாசிச்சுவிட்டாப் போதும்னு—

பேசப் பிடிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிப் பேப்பர் வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 10

இன்றும் வேண்டாம் என்றேன். அவள் தாளை மடித்து வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

ஆகஸ்ட் 12

கேட்டுவிட்டேன்.

வேலை முடிந்து வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பேப்பரில் இருக்கிறதையெல்லாம் எனக்கு வாசித்தாயா என்றேன். கரண்டிச் சத்தம் நின்றது. அந்தக் கண் போனவனைப் பற்றிச் சொன்னேன். விட்டுப்போன மற்ற செய்தியையும் சொன்னேன். என்னைச் சின்னப்பிள்ளை ஆக்கிவிட்டாய், தகரத்துக்கு இருக்கிற நேர்மைகூட உனக்கு இல்லை என்றேன். இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அதையெல்லாம் இங்கே எழுதி மூன்று குரலில் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அவள் அழவில்லை. கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒங்களுக்காக விட்டேன்னா நெனைக்கிறீக? எனக்கு வாய் வரலங்க. அந்த வரிக்கிட்ட போனா தொண்ட அடைச்சுக்கிருது. நான் என்ன செய்ய?"

டாக்டர் சீட்டில் ஒரு வரிகூட விடவில்லையாம். அதைப் பலமுறை தனியாக வாசித்துப் பழகிவிட்டுத்தான் என் முன்னால் வந்து வாசித்தாளாம்.

இவ்வளவு நாளும் என் கண்ணைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் கண் போனதை நான் எங்கே பார்த்தேன்? அவள்தான் பார்த்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று நான் இருட்டில் இருந்தேன், அவள் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சோறு ஆறிவிட்டது. இருவரும் ஆறிய சோற்றையே சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 14

மறுபடி அந்த வானம். வெடிகள் விரிகின்றன. இந்த முறை நிறம் சொல்வது முருகேஸ்வரி. பச்சை என்கிறாள், சிவப்பு என்கிறாள். வெள்ளை விரிகிறபோது ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது மட்டும் பெயரில்லாமல் நெடுநேரம் எரிந்துவிட்டு மணலில் இறங்கி அணைந்தது. கனவில் அவள் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அதற்குள் பால்காரன் மணி அடித்துவிட்டான்.

ஆகஸ்ட் 20

ஷைலா டீச்சர் போன் பண்ணினார். எனக்குத் தகரம்தான் என்றேன். நம்ப மாட்டாரென்று நினைத்தேன், இல்லை. பழகியவர்கள் பாதிப்பேர் அதைத்தான் சொல்கிறார்களாம். புதிதாகக் கண் போனவர்களுக்கு முதல் சில நாளுக்கு மாப்பிள்ளையைக் கொடுங்கள், பயம் தெளியட்டும், பிறகு தகரத்துக்கு வரட்டும் என்றேன். பேப்பரில் வந்த அந்த ஆளை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவனை எப்படியாவது தேடிப் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன். சரி என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "மூணுல எது மனுசக் குரல் மாதிரியே இருக்குண்ணே?"

மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. மூன்றுக்கும் ஒரு வரியைத் தாண்டிப் போகத் தெரியாது டீச்சர் என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தார்.

ஆகஸ்ட் 29

ஆர்டர் கூடிவிட்டதாம். வருகிறபோதே சோர்ந்து வருகிறாள். இரண்டு நாளாகப் பேப்பர் பிரிக்கப்படவே இல்லை.

செப்டம்பர் 5

பகலெல்லாம் புழுக்கம். சாயங்காலம் அவள் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். சும்மாதான், சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்றாள். முகம் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் பாயில் படுத்தாள். தலைமுடியில் ஈரமும் புதுக் காகித அட்டையின் வாசனையும்.

"பேப்பர்ல என்ன போட்டிருக்கான்? இன்னைக்கு நீங்க வாசிங்க" என்றாள்.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தகரத்தை ஓடவிட்டேன். அது முன்னே போக, நான் பின்னாலேயே என் குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். காரியாபட்டியில் வெங்காயம் விலை இறங்கியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் புதிதாகக் கடை கட்டுகிறார்கள். தெற்கு மாவட்டங்களில் நாளை மழை இருக்கும்.

"மழ பெஞ்சா நாளைக்கு வேலை இருக்காது" என்றாள். குரலில் சந்தோஷமா, தூக்கமா, தெரியவில்லை.

அடுத்த செய்தி போனில் புதிதாக ஏறியது, இன்று காலையில் நடந்த வெடிவிபத்து. அவள் போகிற கம்பெனி இல்லை, ஆனால் அந்தப் பக்கம்தான். தகரம் வெங்காயத்துக்கும் மழைக்கும் வைத்திருந்த அதே சுருதியில் ஆரம்பித்தது. ஊர் பெயர், அறை, எத்தனை பேர், யார் யார். எல்லாம் என் காதுக்குள் வந்துகொண்டே இருந்தது. நான் வாயைத் திறந்தேன். வாய் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அங்கே ஏன் சீக்கிரம் விட்டார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளுக்குத் தெரியும்.

"அம்புட்டுத்தானா?" என்றாள்.

"அம்புட்டுத்தான்" என்றேன்.

அவள் கை இருட்டில் தேடி வந்து, என் காதில் இருந்ததை எடுத்துத் தரையில் வைத்தது. தகரம் அங்கே, பாயின் ஓரத்தில், பொடிச் சத்தமாகத் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தது.