ஐஸ் ஃபோல்டரில் உங்கள் பெயர்

நானா,

இன்று காலை உங்கள் வேலைக்குப் புதிதாக வந்தவர் கோல் எடுத்தார். "ஐஸ் ஃபோல்டர் திறக்குது, எழுத விடுதில்ல." யார் யாருக்கு உரிமை இருக்கிறது என்று பார்த்தேன். முதல் வரியில் நீங்கள். எந்தப் படகுக்கு எத்தனை கட்டி ஐஸ் என்று அதில் எழுதும் உரிமை உங்களுக்கு மட்டும்தான் இருந்தது.

கல்பிட்டியில் இந்த ஐஸ் ஆலைக்கு நெட்வர்க் பார்க்க நான் வந்தபோது எல்லோரும் உங்கள் பாஸ்வேர்டில்தான் வேலை செய்தார்கள். மொனிட்டரிலேயே ஒட்டியிருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு கணக்குத் திறந்தேன். "இனி என்ட கதவையே நான் தட்டிட்டுத்தான் போகணுமோ?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவசரம்.

பிறகு நீங்கள் சிலாபம் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். ஒரு மாதம் யாரும் நுழையாத கணக்கை முடக்க வேண்டும் என்பது நானே போட்ட விதி. நீங்கள் வருத்தத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் முடக்கினேன், விலகிப்போன நாலைந்து பேரோடு சேர்த்து, ஒரே கிளிக்கில்.

மெலிந்துபோய் நீங்கள் திரும்பி வந்த அன்று நான் நுரைச்சோலையில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்பக் கோல் எடுத்தீர்கள். பாஸ்வேர்ட் மறந்திருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். கடைசியில் எடுத்தேன்.

"தம்பி, கணக்கு முடக்கியாச்சாம். முதலாளி என்னைய நிப்பாட்டிட்டாரா?"

"அது சிஸ்டம் தானாச் செய்யிறது நானா. பிறகு பாக்கிறன்."

பொய். அதைவிட மோசம், கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை.

"சரி சரி. மௌத்தாக முந்தியே உசிரோட அடக்கிட்டீங்க," என்று சிரித்தபடி வைத்தீர்கள்.

அன்று பின்னேரமே கணக்கைத் திறந்துவிட்டேன். திறந்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. காலையில் வந்து பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வரவில்லை. அந்தக் கிழமை முடியுமுன் உங்கள் ஜனாஸாவை அடக்கினோம்.

உங்கள் வீட்டு வாசலில் உங்கள் மனைவி, என் மச்சி, சொன்னார்: "வேலை போயிட்டுதெண்ட கவலையோடயே போயிட்டார் தம்பி."

"போகல்ல மச்சி," என்றேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது.

அந்த விதியை அப்போதே எடுத்துவிட்டேன். உங்கள் பெயரை எடுக்க மட்டும் கை வரவில்லை. இன்றுதான் எடுத்தேன், புதியவருக்கு எழுதும் உரிமை கொடுத்தேன். அவர் உடனே எழுதத் தொடங்கினார்.

இப்போதெல்லாம் லீவில் நிற்பவர்களுக்கு நானே கோல் எடுக்கிறேன். என் குரல் கேட்டதும் பயப்படுகிறார்கள். "என்ன தம்பி, நிப்பாட்டப் போறாங்களா?"

"இல்ல," என்கிறேன். சலாம் சொல்வதற்கும் முன்னால்.