ஐந்தாம் கலங்கரையும் என் வீட்டு மனுஷரும்

4 ஏப்ரல் 2025, வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தாறு. காத்திருந்தது ஜப்பான் கார்ட்டூனுக்கு. அப்படிச் சொன்னால் கோபம் வரும், அனிமே என்று சொல்ல வேண்டுமாம்.

‘ஐந்தாம் கலங்கரை’ புதிதாக எடுத்திருக்கிறார்கள். தோ பாயோ பேட்டையில் இருக்கும் வாப்பா வீட்டில் சின்ன வயதில் இவரும் இவர் தம்பி முபாரக்கும் தரையில் படுத்துக்கொண்டு பார்த்த தொடர். பழைய கதையில் ஐந்து பிள்ளைகள் ஐந்து கலங்கரை விளக்கங்களைக் காத்து உலகத்தைக் காப்பாற்றுவார்கள். புதியதில் உலகம் பிழைக்கவே இல்லை. கடல் வற்றி, ஊரெல்லாம் சாம்பல். ஐந்தாவது பிள்ளை ரென் பயந்து விளக்கை அணைத்துவிட்டு ஓடியதால்தான் அத்தனை பேரும் செத்தார்கள். இப்போது அவன் கிழவன். சாவதற்குள் செத்தவர்களின் வீட்டாரை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறான்.

இதெல்லாம் பிள்ளைகள் பார்க்கிற கதையா என்று கேட்டேன். “பாத்த பிள்ளைங்க வளர்ந்துட்டாங்கல்ல” என்றார். கண் கலங்கியிருந்தது. கேட்டால் மிக்சரில் காரம் அதிகமாம்.

9 ஏப்ரல், புதன்

இவருக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவர், இரண்டு மாடி ஏறினால் சுவரைப் பிடிக்கிறார்.

ரயிலில் திரும்பினோம். எங்கள் ஸ்டேஷன் செங்காங் வந்ததும், “வாப்பாவுக்கும் இதே ஆபரேஷன்தான்” என்றார்.

தெரியும். பதினொரு வருஷம் முன்னால் என் மாமனார் பயந்தபோது, முபாரக்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மாமா கண் விழிக்கவே இல்லை. எழுபத்தெட்டு வயது, யார் மேலும் தப்பில்லை. ஆனால் இவர் மையத்து வீட்டில், அத்தனை பேர் முன்னால், “நீதான்டா வாப்பாவைக் கொன்னுட்ட” என்றார். முபாரக் மையத்து வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தூக்கினார். அதோடு சரி. பேச்சு நின்றது.

2 மே, வெள்ளி

ஆபரேஷனுக்கு இம்மாதம் இருபத்தேழாம் தேதி கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், கதை முடியட்டுமாம். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

கத்தினேன். எந்தக் கதை முடியட்டும்? உங்க கதையா? சொன்ன பிறகு என் வாயை நானே அடித்துக்கொண்டேன்.

3 மே, சனி

மீன் ஆணத்தில் உப்பே போட மறந்துவிட்டேன். ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

16 மே, வெள்ளி

நான் வேலை பார்க்கிற டிராவல்ஸ் ஆபீஸில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கூட்டம். அவர்களுக்குக் கொடுக்கிற தாளில் முதல் வரியே நான் எழுதியதுதான்: மனம் நோகச் செய்தவர்களிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டீர்களா? பாஸ்போர்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு அம்மா, பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் போனில் கேட்டால் போதாதா என்றார். போதாது, படியேறிப் போங்க என்று பெரிய ஆலிம் மாதிரிச் சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் உறுத்தியது. முபாரக் பேச்சை எடுத்தேன். எரிந்து விழுவார் என்று நினைத்தேன். அமைதியாக, “வருஷா வருஷம் பெருநாளைக்கு மாஃப் கேட்டு மெசேஜ் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவைகூட அவன் பதில் போடலே” என்றார்.

எனக்குத் தெரியவே தெரியாது. இவர் மேல் பாசமும் முபாரக் மேல் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பதினொரு தடவை கேட்டிருக்கிறார், அந்த மனுஷனுக்குக் கல் நெஞ்சா?

17 மே, சனி

கல் நெஞ்சு இல்லை.

மகள் ஆஸ்மாவிடம் அவள் அப்பாவின் போனைக் காட்டினேன். முபாரக் பெயருக்குக் கீழே வரிசையாகப் பெருநாள் வாழ்த்துகள். பிறை படம், ஓலையில் பொதிந்த கெத்துப்பாட் சோற்றுப் படம், கீழே மலாயில் ‘மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்’, வெளியிலும் மனசிலும் செய்ததையெல்லாம் மன்னியுங்கள் என்று. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு டிக். இவர் எல்லாருக்கும் மொத்தமாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் தம்பியையும் சேர்த்திருக்கிறார். லிஃப்ட் கம்பெனி மேனேஜருக்கு, பல் டாக்டருக்கு, தம்பிக்கு, எல்லாருக்கும் அதே கெத்துப்பாட்.

“அவங்க உங்க நம்பரை சேவ் பண்ணி வெச்சிருந்தாதான் பிராட்காஸ்ட் போகும் லா. சித்தப்பா டெலீட் பண்ணிட்டாங்க போல. ஒண்ணுகூடப் போய்ச் சேரலேப்பா” என்றாள் ஆஸ்மா.

இவர் ஒரு டிக் என்றால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நிமிரவே இல்லை. ஆஸ்மா அவர் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

18 மே, ஞாயிறு

நானும் யோக்கியம் இல்லை. மூன்று வருஷம் முன்னால் தேக்கா மார்க்கெட்டில் முபாரக் இறால் வாங்கிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துச் சிரிக்கவா வேண்டாமா என்று தயங்கினார். நான் மசாலாக் கடைக்குள் நுழைந்து, தேவையில்லாமல் கால் கிலோ சோம்பு வாங்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

23 மே, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எட்டாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. ரென் ஒரு வீட்டுக்கு வெளியே நிற்கிறான். கதவைத் தட்டாமல் ஒரு கடிதத்தை மட்டும் வைத்துவிட்டுத் திரும்புகிறான். மறுநாள் வந்து பார்த்தால் கடிதம் வைத்த இடத்திலேயே சாம்பல் மூடிக் கிடக்கிறது. இவர் படத்தைப் பாதியில் நிறுத்தினார். இதுவரை அப்படிச் செய்ததில்லை. எழுந்து சட்டை போட்டார். எங்கே என்று கேட்கவில்லை. நானும் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

தோ பாயோவில் அந்தப் பழைய புளோக். முபாரக் இன்னமும் வாப்பா வீட்டில்தான் இருக்கிறார், ஒன்பதாம் மாடி. கீழே போய் நின்றால் லிஃப்ட் முன்னால் மஞ்சள் பலகை: பழுது பார்க்கப்படுகிறது. ஆண்டவனே, லிஃப்ட்காரருக்கே இந்தச் சோதனையா! இவர் பலகையைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். முதல் படியில் காலை வைத்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஏறினால் ஒன்பதாம் மாடிக்குப் பிணமாகத்தான் போய்ச் சேருவீங்க என்று சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை. போனை எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்த முபாரக், அண்ணனை எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

“நானா? எங்க நிக்கிறீங்க?”

அவ்வளவுதான். இவர் ‘கீழே’ என்று சொல்லி முடிப்பதற்குள் போனில் கதவு திறக்கும் சத்தம். ஒன்பது மாடியும் சாரோங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். தாடியெல்லாம் நரைத்துவிட்டது. கீழே கல் மேசையில் உட்கார்ந்தோம். யாருக்கு இருதய நோய் என்று தெரியாத அளவுக்கு இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

“வாப்பா விஷயத்துல நான் சொன்னது தப்புடா” என்றார் இவர். “அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேன். மன்னிச்சு பொறுத்துக்க.”

முபாரக் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கே உங்க நம்பரை அழிச்சுட்டேன். ஆனா மனப்பாடம் நானா. ஒவ்வொரு பெருநாளைக்கும் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.”

நான் எழுந்துபோய்ச் சுவர்ப் பக்கம் நின்றுகொண்டேன். திரும்பி வந்து சோம்பு விஷயத்தையும் முபாரக்கிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

30 மே, வெள்ளி

முபாரக் கறி பஃப்போடு வந்தார். அவரும் முதல் பகுதியிலிருந்து தனியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! இரண்டு பேரும் சோபா இருக்க, தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். பழைய தொடரில் ரென் வைத்திருந்தது நீலப் பையா பச்சைப் பையா என்று அரை மணி நேரம் சண்டை. கேட்கவே சுகமாக இருந்தது.

முடிந்ததும் இவர் கேட்டார்: “நீ சொல்லு முபாரக். ஆபரேஷன் பண்ணிக்கட்டுமா?”

முபாரக் முகம் செத்துப்போனது. “என்னைக் கேக்காதீங்க நானா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். நான் லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். மாமா இறந்த நாளுக்குப் பிறகு யாருக்கும் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொன்னதே இல்லையாம். மகன் ஃபஹத் எந்தப் படிப்பு எடுக்கலாம் என்று கேட்டதற்குக்கூட உம்மாவைக் கேள் என்றாராம்.

இவருக்கோ முபாரக் சொன்னால்தான் ஆச்சு. டாக்டர் சொல்லி, நான் அழுது, ஆஸ்மா கெஞ்சிக் கேட்காதவர்! எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கொன்னுட்ட என்று சொன்ன வாயால் இதைக் கேட்டால்தான் அந்தச் சொல் அழியும் என்று நினைக்கிறாரோ?

1 ஜூன், ஞாயிறு

முபாரக்கிடமிருந்து ஒன்றும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போதே இவருக்கு நெஞ்சு வலித்தது. மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார்.

7 ஜூன், சனி – ஹஜ்ஜுப் பெருநாள்

தொழுகை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் முபாரக். உட்காரவில்லை. பிரியாணி வேண்டாம் என்றார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி வாசலில் நின்று சொன்னார்:

“பண்ணிக்குங்க நானா. டாக்டரைப் போய்ப் பார்த்து எல்லாத்தையும் கேட்டுட்டு வந்துட்டேன். வாப்பாவுக்கும் நான் தப்பாச் சொல்லலே. உங்களுக்கும் தப்பாச் சொல்லலே.”

இவர் சரி என்றார். ஒரே ஒரு சரி. இரண்டு மாதமாக நான் கேட்க ஏங்கிய சொல். அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன். பிறகு முபாரக் பிரியாணி இரண்டு தட்டு சாப்பிட்டார்.

17 ஜூன், செவ்வாய்

காலை ஏழரைக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது இவர் போட்ட உத்தரவு: வெள்ளிக்கிழமை கடைசிப் பகுதியை, தான் பார்ப்பதற்கு முன்னால் யாரும் பார்க்கக் கூடாது. தலையாட்டினேன். கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. முப்பது வருஷம் என்னைச் சிரிக்க வைத்த மனுஷர். யா அல்லாஹ்.

மணி இரண்டு. இன்னும் வெளியே வரவில்லை. முபாரக் உட்காராமல் நடையில் நடந்துகொண்டே இருக்கிறார்.

மணி மூன்று இருபது. நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

18 ஜூன், புதன்

காலையில் தாதி வந்து, மயக்கம் தெளிகிறது, ஒருவர் மட்டும் உள்ளே வரலாம், மனைவி யார் என்று கேட்டார். எழுந்தேன். முபாரக் சுவரோரமாக, நேற்று போட்ட சட்டையோடு நின்றார். அன்றைக்கு இப்படித்தான் இரண்டு நாள் ஒரு கதவுக்கு வெளியே நின்றிருப்பார், மாமா கண் விழிப்பார் விழிப்பார் என்று.

முப்பது வருஷமாக இவர் கண் விழிக்கும்போது பக்கத்தில் நான்தான் இருக்கிறேன். நான் திரும்ப உட்கார்ந்துகொண்டேன். தம்பி போகட்டும் என்று தாதியிடம் சொன்னேன்.