ரிப்பீட்டரில் சுகுமாரின் குரல்

ஜூன் 29, ஞாயிறு

காலையிலேயே அனல். மேற்கேயிருந்து காற்று, ஒரே புழுதி. மாடித் தொட்டி கழுவியாயிற்று. காஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வந்து ஒரு வாரம். இன்னும் ஒரு ஆளிடம்கூடப் பேசவில்லை. சுகுமார் பேசிவிட்டான். புதுச்சேரி, விழுப்புரம், திண்டிவனம். ஊர் கிடைக்கக் கிடைக்க வாட்ஸப்பில் அனுப்புகிறான். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

இந்த ஆசை என்னுடையது. இரண்டு வருடமாகப் படித்தது நான். கலெக்டர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை அவன். சென்னைக்குப் பரீட்சைக்குத் தனியாகப் போகச் சலிப்பாக இருந்தது, "நீயும் எழுதேன்டா" என்று கூப்பிட்டேன். துணைக்கு வந்தவன். போகும்போது பஸ்ஸில் என் நோட்ஸைப் புரட்டினான், பாதி வழியில் தூங்கியும் போனான். பாஸ்.

எங்கள் கை செட்டுக்குச் சக்தி கம்மி. செஞ்சிப் பக்கம் ஒரு குன்றின் மேல் ரிப்பீட்டர் இருக்கிறது. அது நம் குரலைப் பிடித்து, பலமாக்கித் திரும்ப விடும். அதை எட்டிவிட்டால் மூன்று மாவட்டம் கேட்கும். அவன் வீடு வேங்கிக்காலில் மூன்றாவது மாடி, கிழக்கே தடுப்பே கிடையாது. என் வீடு அடி அண்ணாமலை. எனக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவில் மலை. முழு மலையும்.

ரிப்பீட்டரில் மற்றவர்கள் பேசுவது மாடி மூலையில் நின்றால் அரைகுறையாகக் கேட்கும். நான் பேசினால் போகாது. இன்று மலையைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டம்மா எனக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

புழுக்கம். ஆபீஸில் ஃபேன் இல்லை, இன்வெர்ட்டர் ரிப்பேர்.

தினமும் காலையில் ரிப்பீட்டரில் எல்லாரும் கூடுகிறார்கள். நடத்துவது புதுச்சேரி லலிதா மேடம், பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகை எடுப்பார். சுகுமார் முறை வந்தால் அவர் குரலே மாறுகிறது. "வாங்க சுகுமார், உங்களத்தான் எதிர்பார்த்துட்டிருந்தோம்." சேர்ந்து பத்து நாள் ஆகவில்லை!

நானும் இன்று பேசும் பொத்தானை அழுத்தினேன். லைசென்ஸில் எனக்குக் கொடுத்த கூப்பிடும் எழுத்துகளைத் தெளிவாக, நிறுத்தி, புத்தகத்தில் சொன்னபடி சொன்னேன். விட்டதும் ரிப்பீட்டரின் வால், அந்தச் சின்ன "க்ர்ர்", கேட்டது. எட்டிவிட்டது!

லலிதா மேடம்: "யாரோ வர்றாங்க. வெறும் இரைச்சல்தான், ஒண்ணும் புரியல."

சுகுமார்: "எங்க ஆபீஸ் தரணியா இருக்கும் மேடம். மலைக்குப் பின்னாடி மாட்டிக்கினு இருக்கான், பாவம்."

பாவம். மூன்று மாவட்டத்துக்கும் கேட்கும்படி.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் நாலு தூறல், மண் வாசனைகூட வரவில்லை.

இரண்டு நாளாக அலுமினியக் குழாயை அறுத்து யாகி ஆன்டெனா கட்டினேன், பழைய டிவி ஆன்டெனா போல. உள்ளங்கையில் வெட்டு. மலை உச்சியைப் பார்த்து நிறுத்தினேன், பக்கவாட்டில் திருப்பினேன். ஒன்றும் இல்லை.

இன்று ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் ஆன்டெனா மலைக்கு முதுகைக் காட்டி, ஜவ்வாது மலைப் பக்கம் பார்த்து நிற்கிறது. பத்மா துணி காயப்போட இடமில்லை என்று ஸ்டாண்டை நகர்த்தியிருக்கிறாள். கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் செட்டில் ஒரு குரல், பளிச்சென்று. ஜவ்வாது மலையில் பட்டுத் திரும்பி வருகிறது போல. அழுத்தினேன்.

"யாரது? நல்லா கேக்குதே! பேர் சொல்லுங்க." லலிதா மேடம்.

"தரணேந்திரன் மேடம். அடி அண்ணாமலை." என் முதல் ஆள். இரண்டு வருடம் காத்திருந்த நிமிஷம்.

"ஓ! சுகுமாரோட ஃப்ரெண்டா நீங்க?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று நினைவில்லை.

"இன்னாங்க, கெடச்சுதா?" என்று பத்மா கீழிருந்து கேட்டாள். கிடைத்தது என்றேன். "அப்ப ஏன் மூஞ்சி அப்டி இருக்கு?"

ஜூலை 8, செவ்வாய்

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

வியாழன் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் செல்போன் வேலை செய்யாது, ரேடியோக்காரர்கள் உதவலாம் என்று சுகுமார் மேலே பேசி அனுமதி வாங்கிவிட்டான். எனக்குத் தோன்றாதது அவனுக்குத் தோன்றியதே என்பதுதான் எரிச்சல். வேங்கிக்காலில் கன்ட்ரோல், அங்கே ஆம்புலன்ஸ்காரர்களும் இருப்பார்கள். பாதையில் அங்கங்கே ஆள். ரிப்பீட்டர் கிடைக்காவிட்டால், செட்டிலிருந்து செட்டுக்குப் பேசும் நேரடி அலைவரிசைக்கு வருவதாக ஏற்பாடு.

டீ நேரத்தில்: "தரணி, நீ உங்க ஊர் பக்கமே நின்னுக்கயேன். உனக்குத்தான் அந்த எடம் பழக்கம்."

"எனக்கு இருமல்டா."

"இருமலா? காலைலேர்ந்து இருமவே இல்லியே."

"ராத்திரில ஜாஸ்தி."

"சரி, அப்ப அங்க நானே நிக்கிறேன். வேற யாரயாவது போட்டா தெணறிடுவாங்க."

தலைவர் அவன், நான் அவன் கீழே நிற்பதா? முடியாது. மத்தியானம் இரண்டு முறை இருமி வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

மேகமில்லை. லீவு போட்டேன். மத்தியானத்திலிருந்தே பாதையில் கூட்டம், மோர்ப் பந்தல், ஊதல் சத்தம்.

மாடியில் செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா கேட்க. ரிப்பீட்டரும் நேரடி அலைவரிசையும் மாறி மாறி ஓடும்படி வைத்தேன். எங்கள் வீடு பாதையிலிருந்து மூன்றாவது வீடுதான். சுகுமாரை மட்டும் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொழுது சாயும்முன் சாப்பிடுவது எங்கள் ஜைன வழக்கம். "ஆறிப்போவுதுங்க, வாங்க" என்று பத்மா கூப்பிட்டாள். எழுந்தேன். அப்போது நேரடி அலைவரிசையில் சுகுமார்.

"கன்ட்ரோல், கன்ட்ரோல், சுகுமார். கேக்குதா?"

பதில் இல்லை. எப்படி வரும்? மலை இப்போது அவனுக்கும் குறுக்கே. கை செட்டில் ரிப்பீட்டர் எட்டாது, நேரடியாக வேங்கிக்காலும் எட்டாது. இந்தப் பக்கத்தில் அவன் குரல் விழுவது என் காதில் மட்டும்.

செட்டைக் கையில் எடுத்தேன். அழுத்தவில்லை.

இனித்தது. வேறு சொல் இல்லை. தெரியட்டும் அவனுக்கும், பதிலே வராத காற்று எப்படி இருக்கும் என்று.

"கன்ட்ரோல்... யாராவது கேக்குறீங்களா?" குரலில் மூச்சு வாங்கியது. ஓடியிருக்கிறான். அப்போதும் அழுத்தவில்லை.

மூன்றாம் முறை அவன் கன்ட்ரோலைக் கூப்பிடவில்லை.

"தரணி. நீ கேட்டுக்கினுதான் இருப்பேனு எனக்குத் தெரியும். ஒரு அம்மா விழுந்துட்டாங்க. பேச்சில்ல. போன் போவலடா. தரணி!"

அழுத்தினேன். "கேக்குது, சொல்லு."

இடம் சொன்னான். குளத்துக்குப் பக்கத்தில், மோர்ப் பந்தல் எதிரே. ஆன்டெனாவை ஜவ்வாது பக்கம் திருப்பி ரிப்பீட்டரில் கூப்பிட்டேன். கன்ட்ரோல் உடனே எடுத்தது. நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி, சரிபார்த்து, சுகுமாருக்கு வண்டி கிளம்பிவிட்டது என்றேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டி வருவதை மாடியிலிருந்தே பார்த்தேன்.

பத்மா தட்டோடு மேலே வந்தாள். இருட்டிவிட்டது. வேண்டாம் என்றேன். வழக்கத்துக்காக மட்டும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். சட்டைப் பட்டன் அறுந்தது. பஸ் கிடைக்கவில்லை, ஷேர் ஆட்டோ.

காலை ரிப்பீட்டரில் லலிதா மேடம் சுகுமாரைப் பாராட்டினார். கைதட்ட முடியாததால் ஆளாளுக்கு அழுத்தி "சபாஷ்". எதிர்பார்த்ததுதான். பிறகு சுகுமார் பேசினான்.

"நான் ஒண்ணும் பண்ணல மேடம். தரணி இல்லன்னா அந்த அம்மா இல்ல. அவனாவே ஆன்டெனா கட்டி, இந்த மலையத் தாண்டினவன். அவனத்தான் சொல்லணும்."

மேடம் என் பெயரை முழுதாகச் சொன்னார், தரணேந்திரன் என்று. இரண்டு வருடமாக இதற்குத்தானே ஆசைப்பட்டேன்! நன்றி என்றேன். உள்ளே எரிந்தது. தனக்கு வந்த பாராட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததிலும் அவனே பெரியவன்.

சாயங்காலம் கேன்டீனில் அவனாக வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அந்த அம்மா கண்ணு முழிச்சுட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணாரு."

"நல்லதுடா."

"நான் கூப்புட்டப்ப உன் வீட்டு மாடி எனக்கு நேரா தெரிஞ்சுது தரணி. செட்ட கைல வெச்சுக்கினு நின்ன."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மொதல்ல கூப்புட்டதே கேட்டுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். செட்டில் பாட்டரி கம்மி என்றோ, அலைவரிசை மாறியிருந்தது என்றோ. அவன் நம்பியும் இருப்பான், அல்லது நம்பியதுபோல் இருந்திருப்பான்.

"கேட்டுது."

"நான் இன்னாடா பண்ணேன் உனக்கு?"

என்ன சொல்வது? லலிதா மேடம் உன் பெயரைச் சொல்லும்போது குரல் மாறுகிறது என்றா? மூன்றாவது மாடி என்றா? பஸ்ஸில் தூங்கியும் பாஸானாய் என்றா? ஒவ்வொன்றாக மனதில் சொல்லிப் பார்த்தேன். வெளியே சொல்லத் தகுந்தது ஒன்றுகூட இல்லை.

"பொறாம" என்றேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்த அம்மா பொழச்சுட்டாங்க. அதனாலதான் உன் எதிர்ல உக்காந்திருக்கேன்." எழுந்து போய்விட்டான். டீயைத் தொடவே இல்லை.

ஜூலை 12, சனி

ஆபீஸ் இல்லை. பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "அவருகிட்ட போய் சொல்லுங்க, எங்கிட்ட இன்னா சொல்றீங்க" என்றாள்.

வேங்கிக்கால் வரை பஸ்ஸில் போனேன். அவன் வீட்டு வாசலில் செருப்பு இருந்தது. மூன்றாவது மாடியில் ஆன்டெனா, வெறும் கம்பி, ஒழுங்காகக்கூடக் கட்டவில்லை. மணியடிக்காமல் திரும்பிவிட்டேன். வரும் வழியில் தைலம் வாங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

விடியற்காலையில் நல்ல மழை. மாடியெல்லாம் தண்ணீர், ஆன்டெனாவில் ஒரு காக்கை.

இன்று லலிதா மேடத்துக்கு வேலை இருந்ததால் சுகுமாரே கூட்டத்தை நடத்தினான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். விழுப்புரம் டாக்டர், அவர் முட்டிவலி எப்படி இருக்கிறது. திண்டிவனம் லாரி ஷெட் முதலாளி, மகள் பரீட்சை என்ன ஆயிற்று. முகம் பார்க்காத ஒருத்தரைக் கூட விடாமல் விசாரித்தான்.

என் பெயர் வரவில்லை.

விழுப்புரம் டாக்டர் மேல் பொறாமை. லாரி ஷெட் முதலாளி மேல் பொறாமை. முட்டிவலி மேலேயேகூட.

"வேற யாராவது விட்டுப்போச்சா?" என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டான்.

அழுத்தினேன். "சுகுமார், தரணி பேசறேன். நேத்து உன் வாசல் வரைக்கும் வந்தேன்."

விட்டேன். ரிப்பீட்டரின் வால் கேட்டது. எல்லாரும் காத்திருக்கிறார்கள், யாரும் நடுவில் வரவில்லை.

அப்புறம் அவன் அழுத்தினான். பேச வருகிறவன்போல் தொண்டையைச் செருமினான்.