விருந்தாளிக்குக் கொடுத்த தண்ணீர்

எப்போதும்வென்றான்,
செப்டம்பர் 9.

அன்புள்ள காவியாவுக்கு,

உன்னோடு பத்தாம் வகுப்பு படித்த முத்துச்செல்வி எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் ஆடுகளும் சுகம். சென்னையில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

நீ வேலை பார்க்கிற அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. எங்கள் தண்ணீரைச் சோதித்ததில் குறை ஒன்றும் இல்லையாம், அதனால் எங்கள் பெண்கள் குழுவுக்கு இப்போது உதவ வழியில்லையாம். ஓடைக்கரையில் ஆலை வந்து நாலு வருஷம். எங்கள் தெருக் கிணறு மஞ்சளாகி, சோற்றிலும் ஒரு வாடை வருகிறது. இதையா நல்ல தண்ணீர் என்கிறார்கள் என்று குழுவில் எல்லோரும் குழம்பிப்போனார்கள். நான் குழம்பவில்லை. தப்பு என்னுடையது.

உங்கள் பூவனலிங்கம் சார் சோதிக்க வருகிறார் என்று முந்தின நாளே தெரியும். அவ்வளவு தூரம் வெயிலில் வருகிறவருக்கு அந்த மஞ்சள் தண்ணீரை எப்படிக் கொடுப்பது? செல்வகணேஷ் அண்ணாச்சியின் புஞ்சைக் கிணறு மூன்று கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிறது. அவர் நிலத்தில் எருவுக்காக எங்கள் ஆட்டுக்கிடை போடுவதால், தண்ணீர் எடுத்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அங்கே போய் ஒரு குடம் கொண்டுவந்து, பானையைக் கழுவி ஊற்றி வைத்தேன். சார் இரண்டு செம்பு குடித்தார். கிளம்பும்போது ஒரு பாட்டிலை நீட்டி, நீங்கள் குடிக்கிற தண்ணீரில் பிடித்துத் தாருங்கள் என்றார். வழியில் குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து, நிறையப் பிடித்துக் கொடுத்தேன். அவர் அதில் சீட்டு ஒட்டியபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. குழுப் பெண்கள் அத்தனை பேர் முன்னால், இது உங்களுக்காகக் கொண்டுவந்த தண்ணீர் என்று சொல்ல வெட்கம். வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பாட்டில் சென்னைக்குப் போய் என்ன ஆகும் காவியா? காய்ச்சுவார்களா, எதையாவது கலந்து பார்ப்பார்களா? ஆட்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. ஆலைப் பாலத்துக்கு மேலே ஓடைத் தண்ணீரைக் குடிக்கிற ஆடு, பாலத்துக்குக் கீழே மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கோடையில் வேறு வழியில்லாமல் குடிக்கும். போன வருஷம் ஒன்பது சினை ஆடுகள் மாதம் நிறையும் முன்பே குட்டியை வீசிவிட்டன. எந்தத் தேதியில் எங்கே குடித்தன என்று மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதையும் சோதனை என்று உங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்களா?

பக்கத்து வீட்டுச் சுடலையம்மாளுக்கு இது ஏழாம் மாதம். குட்டி வீசியதைப் பார்த்த பயத்தில் அவள் புஞ்சைக் கிணற்றுக்குத்தான் நடந்துகொண்டிருந்தாள். உங்கள் காகிதம் வந்ததும் நின்றுவிட்டாள். “பேப்பர்லயே நல்ல தண்ணின்னு போட்டுருக்குல்லா மதினி, பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம் நடக்கணும்?” என்றாள். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு குடம் புஞ்சைத் தண்ணீரை நானே சுமக்கிறேன். நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு, “ரெண்டு நாளு குடிச்சிட்டேனே மதினி, ஒண்ணும் செய்யாதுல்லா?” என்று மட்டும் கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்குத் தெரியுமா?

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் அறக்கட்டளை கொடுப்பது யார் பணம்? பார்த்தே இராத ஊருக்குக் கொடுக்க அவர்களுக்கு எப்படி மனசு வருகிறது? அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். சுத்திகரிப்பு இயந்திரம் தரலாமா என்று சார் கேட்டார். நல்ல மனசுதான். ஆனால் எங்கள் ஆடுகள் எந்தக் குழாயில் குடிக்கும்? அதைவிட, பாட்டில்களைத் தந்து, எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்கே சொல்லிக்கொடுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கிணற்றிலும் நாங்களே பிடித்து அனுப்புகிறோம். சோதிக்கிற செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டால் போதும். தண்ணீர் பற்றிய கூட்டத்துக்குப் போகிற நாளில் ஆடு பார்க்க ஒரு ஆளுக்குக் கூலியும் கொடுத்தால், குழுவில் பாதிப் பேர் வருவார்கள்.

இருபத்தாறாம் தேதி ஆலையைப் பெரிதாக்குவது பற்றி ஊரில் அதிகாரிகள் கருத்துக் கேட்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கையில் இந்தப் பொய்க் காகிதம்தான் இருக்கும். பொய் என்னால் வந்தது, அதை அங்கே எல்லோர் முன்னாலும் நானே சொல்வேன். அதற்குள் உண்மையான காகிதம் ஒன்று வேண்டும். சாரை மறுபடி அனுப்பு, அல்லது நீயே வா. எந்த நாள் என்று மட்டும் சொல்லாதே. இந்த முறை தெருக் கிணற்றுத் தண்ணீரைத்தான் தருவேன். குடிக்க வேண்டாம், செம்பைக் கையில் வாங்கிப் பார்.

உன் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடித்து வளரட்டும். சுடலையம்மாளின் பிள்ளையும்.

இப்படிக்கு,
உன் தோழி,
முத்துச்செல்வி.