நூறு சதவீதத்துக்கு வெளியே

ஜூன் 17, செவ்வாய்

நூறு சதவீதத் தேர்ச்சி என்பது பொய். தலைமையாசிரியை ஒன்பது பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் வெளியே தள்ளிவிட்டு, மிச்சம் இருந்தவர்களைக் கணக்குக் காட்டி நூறு என்கிறார். அந்த ஒன்பது பேரில் ஒருத்தி என் தங்கை.

இன்று அந்த நூறை நான்தான் பேனரில் போட்டேன். தங்க நிறம், கீழே நிழல், இரண்டு பக்கமும் நட்சத்திரம். அடுத்த மாதம் மாவட்டக் கல்வி அலுவலகம் சாதனையாளர் விழா நடத்துகிறது. நான் அங்கே ஒப்பந்தக் கணினி உதவியாளர். பேனர், அழைப்பிதழ், திரையில் ஓடும் படங்கள் எல்லாம் என் தலையில்.

எங்கள் சூப்பிரண்டு பின்னால் வந்து நின்று பார்த்தார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார், அதனால் ஆபீசில் அவருக்கு அதுவே பெயர்.

"ரெண்டு பூஜ்யமும் சின்னதா இருக்கேம்மா. கொஞ்சம் பெருசாக்கு."

பெரிதாக்கினேன். பூஜ்யத்தைப் பெரிதாக்குவதுதானே இந்த ஆபீசின் வேலை.

ஜூன் 18

தூக்கம் சரியில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஜனவரியில் அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். அம்மா ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறவள். அரை நாள் விடுப்புக் கேட்டுப் போனாள். தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தன்மையாகப் பேசியிருக்கிறார். "உங்க பொண்ணு கணக்குல தேறமாட்டாம்மா. ஃபெயில்னு வந்தா அவளுக்குத்தான் அசிங்கம். தனியா எழுதட்டும். நீங்களே விரும்பிக் கூட்டிட்டுப் போற மாதிரி எழுதிக் குடுத்துடுங்க." அம்மா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நாற்காலி போட்டதற்கு அவளுக்கு அவ்வளவு மரியாதை.

தனியாக எழுதுகிறவர்கள் விண்ணப்பிக்கும் தேதி அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

இப்போது தங்கை செருப்புக் கடையில் நிற்கிறாள். பதினாறு வயசு. ஊர்க்காரன் காலையெல்லாம் பிடித்து அளவு பார்க்கிறாள்.

ஜூன் 22, ஞாயிறு

வாத்து ஜெயித்துவிட்டாள்!

தெருவில் தங்கைக்கு அதுதான் பெயர். வேகநடைப் போட்டிக்காரி. இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து பழகும்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து "குவாக் குவாக்" என்று கத்துவார்கள். அவளும் திரும்பி "குவாக்" என்று சொல்லிவிட்டுப் போவாள். நானாக இருந்தால் கல்லை எடுத்திருப்பேன்.

பள்ளியில் இருந்தபோதே விளையாட்டு ஆசிரியர் அவள் பெயரை மண்டலப் போட்டிக்குக் கொடுத்திருந்தார். மைதானத்தில் தண்ணீர் நின்றதாலும், பிறகு தேர்வுகள் வந்ததாலும் போட்டி தள்ளித் தள்ளி இன்றுதான் நடந்தது. பெயரை எடுக்க அவர் மறந்தாரா, மறந்த மாதிரி இருந்தாரா, தெரியவில்லை. காலையில் வாசலில் வந்து நின்று, "ஷூ போட்டுட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

மண்டலத்திலேயே முதலிடம். முன்னால் போன இரண்டு பேர் கடைசிச் சுற்றில் அவசரப்பட்டு ஓடிவிட்டார்கள். நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்.

"ஓடினா அவுட்டுக்கா. அவ்வளவுதான் ரூலே" என்றாள். கால் விரல் நகம் ஒன்று கறுத்திருந்தது. அம்மா உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொல்லி, "எந்தப் பள்ளிக்கூடம்னு போட்டிருக்கு?" என்று பதக்கத்தையும் சான்றிதழையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பழைய பள்ளியின் பெயர்தான் போட்டிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நானே பிறகு நம்பமாட்டேன்.

மதியம் தலைமையாசிரியை இனிப்புப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். இந்த வருஷம் 'சிறந்த பள்ளி'க் கேடயத்துக்குத் தேர்ச்சி மட்டும் போதாது, விளையாட்டில் மண்டல அளவில் ஒரு வெற்றியும் வேண்டும். நேராக என் மேசைக்கு வந்தார். என்னை அவருக்குத் தெரியாது.

"எங்க பொண்ணு ஒருத்தி வேகநடையில ஃபர்ஸ்ட் வந்திருக்காம்மா. தங்கமான பொண்ணு. நானே தட்டிக் குடுத்து வளர்த்தேன். திரையில அவளுக்குன்னு தனியா ஒரு பக்கம் போடணும். 'எங்கள் பள்ளி மாணவி'ன்னு பெருசா."

"அவ என் தங்கச்சி, மேடம்."

கண்ணை ஒரு தரம் சிமிட்டினார். ஒரே தரம்.

"அட, அப்படியா! அப்ப நல்ல போட்டோ உங்ககிட்டயே இருக்குமே!"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இனிப்பை முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டேன். ரொம்ப நல்ல இனிப்பு. அதுவே எரிச்சலாக இருந்தது.

ஜூன் 25

பாத்துக்கலாம் சாரிடம் போய்க் கேட்டேன். "சார், தேர்ச்சிக் கணக்குல அவ அந்தப் பள்ளி மாணவி இல்ல. பதக்கக் கணக்குல மட்டும் அந்தப் பள்ளி மாணவி. ரெண்டையும் ஒரே மேடையில நான் எப்படிப் போடறது?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"விழா முடியட்டும்மா. பாத்துக்கலாம்."

"முடிஞ்சா யார் சார் பாப்பாங்க?"

"உன் ஒப்பந்தம் இந்த ஜூலையோட முடியுது இல்ல? அதை முதல்ல பாரு."

கெட்டவர் இல்லை. அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் நல்லவர்.

ஜூன் 28, சனி

தங்கை இன்று கடையில் அரை நாள் கேட்டுக்கொண்டு தானாகவே பள்ளிக்குப் போயிருக்கிறாள், பத்தாம் வகுப்பில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க. பள்ளி திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது, இடம் இருக்கிறது என்று விளையாட்டு ஆசிரியர் சொன்னாராம். என்னிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் நானும் கூடவே போய்க் கத்துவேன் என்று தெரியும்.

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"பாக்கலாம்னு சொன்னாங்க. அடுத்த வருஷ ரிசல்ட்டையும் யோசிக்கணுமாம்."

சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கே விட்டோமோ அங்கேயிருந்து பிடிக்கணுமாம். பின்னம் அவளுக்கு வராது. மூன்றில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் எது பெரிசு என்றால் இன்னும் ஒரு நொடி யோசிக்கிறாள். அதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 1

எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. 'சிறந்த ஆசிரியர்' படங்களை வெட்டி ஒட்டினேன். எல்லோரும் ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். விளையாட்டு ஆசிரியர் பட்டியலில் இல்லை.

ஜூலை 5, சனி

தலைமையாசிரியை வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. பைக்குள் புதுச் சீருடை, இஸ்திரி மடிப்போடு.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருக்கிற ஒரு நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஜனவரிக் கடன் தீர்ந்தது.

"விழாவுக்கு இதைப் போட்டுட்டு வந்துடணும் கண்ணு. மேடையில பளிச்சுன்னு தெரியணும்."

தங்கை சீருடையைப் பிரித்துத் தோளில் வைத்து அளவு பார்த்தாள். செருப்புக் கடைப் பழக்கம். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"இது ஒரு நாளைக்கா மேடம், வருஷத்துக்கா?"

"முதல்ல விழா நல்லபடியா முடியட்டும்மா" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வீட்டில் சண்டை. நான்தான் ஆரம்பித்தேன். போகக் கூடாது, போனால் அந்தம்மா கேடயத்தை வாங்கிக்கிட்டுப் போயிடும், உனக்கு ஒண்ணும் கிடைக்காது, உன்னைத் துரத்தினவளுக்கு நீயே போய்ப் பல்லைக் காட்டப் போறியா? எல்லாம் கத்தினேன்.

அம்மா: "மெதுவாப் பேசு. உன் வேலையும் போயிடப் போகுது."

"போகட்டும்!"

"போகட்டும்னா வாடகையை உன் கோபமா குடுக்கும்?"

தங்கை சீருடையை மடித்துக்கொண்டே சொன்னாள். "அக்கா, நடக்கிறப்ப ஒரு காலாவது தரையில இருக்கணும். நீ எப்பப் பாத்தாலும் ரெண்டு காலையும் தூக்கிக் குதிக்கிற. அதான் உன்னை எல்லாரும் ஈஸியா அவுட்டாக்கிடறாங்க."

எனக்கு எப்படி இருக்கும்? இந்தப் பொடிசு எனக்குச் சொல்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஒத்திகை. பிள்ளைகள் காலியான நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, குனிந்து, இல்லாத கேடயத்தை வாங்கி, இல்லாத காமிராவைப் பார்த்துச் சிரித்துப் பழகினார்கள். தங்கையின் முறை வந்தபோது அறிவிப்பாளர், "கொஞ்சம் மெதுவா நடம்மா, இது போட்டி இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஜூலை 12, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நான் மேடைக்குப் பக்கவாட்டில் மடிக்கணினியோடு. என் பக்கத்தில் பாத்துக்கலாம் சார். முதலில் தேர்ச்சி. நூறு சதவீதம் திரையில் வந்தது, கைதட்டல். நட்சத்திரங்களைச் சுற்ற விட்டிருந்தேன், அதற்கும் கைதட்டல். பிறகு தங்கையின் படம், 'எங்கள் பள்ளி மாணவி'. மேடைக்கு நடந்து போனாள். சீருடை தோளில் கொஞ்சம் தொளதொள.

மாவட்டக் கல்வி அலுவலருக்கு மைக் கிடைத்தால் விடமாட்டார். அவளுக்கான பரிசைக் கொடுத்துவிட்டு, "மண்டலத்துக்கே முதல்! சொல்லும்மா, இந்த மாவட்டம் உனக்கு என்ன செய்யணும்? கூச்சப்படாமக் கேளு!" என்று மைக்கை அவள் முகத்துக்கு நீட்டினார்.

"திங்கக்கிழமை நான் எந்த வகுப்புல உக்காரணும் சார்?"

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். "உன் வகுப்புலதான்!"

"எனக்கு வகுப்பு இல்ல சார். ஜனவரியில என்னையும் இன்னும் எட்டுப் பேரையும் எடுத்துட்டாங்க. கணக்குல தேறமாட்டோம்னு. எந்த வகுப்புன்னு நீங்க சொன்னீங்கன்னா திங்கக்கிழமை போயிடுவேன்."

சத்தம் போடவில்லை. அழவில்லை. கடையில் "எட்டாம் நம்பர் இருக்கு, ஒன்பது இல்ல" என்று சொல்கிற குரல்.

அலுவலர் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

அந்தம்மா என்ன செய்தது தெரியுமா? கை தட்டியது! எழுந்து நின்று, சிரித்த முகமாக, படபடவென்று. முன்வரிசை ஆசிரியர்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்துப் பின்வரிசை. என்ன ஏது என்று தெரியாத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து தட்ட, மண்டபமே அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் வாய் இன்னொரு தரம் அசைந்தது. என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அறிவிப்பாளர் என்னைப் பார்த்து விரலைச் சுழற்றினார், அடுத்த படம் என்று. நான் பொத்தானை அழுத்தவில்லை. தங்கையின் முகம் திரையில் அப்படியே நின்றது. கீழே 'எங்கள் பள்ளி மாணவி'.

பாத்துக்கலாம் சார் என் மேல் கை படாமல் எட்டி அழுத்தினார்.

கடைசியில் 'சிறந்த பள்ளி'க் கேடயம் அந்தப் பள்ளிக்குத்தான். வெளியே விளையாட்டு ஆசிரியர் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கையிடம், "நல்லா நடந்த" என்றார்.

ஜூலை 14, திங்கள்

சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினாள். அம்மா தடுக்கவில்லை. டப்பாவில் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

சாயந்திரம் கேட்டேன். தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம், நாள் முழுக்க. அந்தம்மா உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள், "எந்த வகுப்பு மேடம்?" அவ்வளவுதான். வாட்ச்மேன் போகச் சொன்னாராம். "பதில் சொன்னா போயிடறேண்ணே" என்றிருக்கிறாள்.

ஜூலை 15

இன்றும். கணக்குப் புத்தகத்தை எடுத்துப் போனாள். இடைவேளையில் விளையாட்டு ஆசிரியர் ஒரு பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அவருக்கே பாதிதான் தெரிந்ததாம்.

ஜூலை 18, வெள்ளி

செருப்புக் கடையில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

அந்த ஒன்பதில் இன்னொருத்தி பெஞ்சுக்கு வந்திருக்கிறாள். தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவளாம்.

ஜூலை 31, வியாழன்

ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. பாத்துக்கலாம் சார் இந்த ஒரு தரம் நிஜமாகவே பார்த்துவிட்டார். தாளைக் கொடுக்கும்போது, "என் கையில என்னம்மா இருக்கு?" என்றார். கையில் என் தாள்தான் இருந்தது.

மேசையைக் காலி செய்தேன். பேனர் மாடிப்படிக்குக் கீழே சுருட்டிக் கிடந்தது, பூஜ்யம் வெளியே தெரிகிற மாதிரி.

தொழிற்சாலையில் பொத்தான் பிரிவில் ஆள் எடுக்கிறார்களா என்று நாளைக்கு விசாரிக்கிறேன் என்றாள் அம்மா. எடுத்தால் போவேன். அதுவரைக்கும் எனக்குப் பகல் முழுக்கச் சும்மாதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் நானும் பள்ளிக்குப் போனேன். கத்தக் கூடாது என்று வழி நெடுக வாத்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெஞ்சில் எனக்கு இடமில்லை. அந்த ஒன்பதில் இப்போது ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்குச் சீருடை குட்டையாகிவிட்டது. எதிரே கண்ணாடி அலமாரிக்குள் 'சிறந்த பள்ளி'க் கேடயம் பளபளவென்று இருந்தது. நான் சுவரோரம் நின்றேன். வாட்ச்மேன் என்னையும் அவர்களையும் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே போய், எங்கிருந்தோ இன்னொரு பெஞ்சை இழுத்துவந்து போட்டார்.

தலைமையாசிரியை வந்தார். ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

"மேடம், எங்களுக்கு எந்த வகுப்பு?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.