சத்தியத்தில் சேராத ரேடியோ

மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்கும் என் ஆவுடையக்காவுக்கு,

நீ போன பிறகு கரிசலில் இரண்டு தடவை விதைத்துவிட்டார்கள். போன தடவை மழை பொய்த்தது. இந்தத் தடவை தேவைக்கு மேல் பெய்து, முளைத்ததை அழுக வைத்தது. அத்தான் மறுபடியும் மிளகாய்தான் போட்டிருக்கிறாராம். கேள்விப்பட்டதுதான், போய்ப் பார்க்கவில்லை. உன் பதினாறாம் நாள் விசேஷத்தோடு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்கவும் அங்கே ஆளில்லை.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் பழையதைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். தெரிய வேண்டிய இன்னொருத்திக்காகச் சொல்கிறேன்.

உன் மகள் வசந்தா கோவில்பட்டியில் என் வீட்டில் தங்கிப் படித்தவள். அருளப்பன் என்ற கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, கடலோரம் மண்டபம் என்ற ஊருக்குப் போய்விட்டாள். குற்றவாளி நான் ஆனேன். நம் சொந்தக்காரர்களுக்கு மனு எழுதவும் பெரிய ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் பேசவும் நான் வேண்டும். கல்யாணப் பேச்சு என்று உட்கார்ந்தால் எனக்கு ஒருவரும் பாய் விரித்ததில்லை. பழி சுமத்த ஆள் தேவைப்பட்டபோது மட்டும் எல்லோருக்கும் என் எம்.ஏ. நினைவுக்கு வந்தது. உன் புருஷன் ஊரார் நடுவில் வைத்துச் சொன்னார்: “படிக்க வச்சவன் நீதானல. இனிமே இந்த வீட்ல அவ பேரு காதுல விழப்பிடாது.”

அதோடு விட்டாரா? கழுகுமலைக் கோவில் வாசலில் நம் இருவரையும் நிறுத்திச் சூடம் கொளுத்தினார். அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம், அவளோடு பேச மாட்டோம், கடுதாசி எழுத மாட்டோம், ஆள் விட்டுச் சொல்லியனுப்ப மாட்டோம் என்று சத்தியம். நீ உள்ளங்கையால் சூடத்தை அணைத்தாய். அணைக்காவிட்டால் உன்னைப் பார்க்க வர முடியாது என்பதால் நானும் அணைத்தேன். சத்தியம் தவறினால் அந்தப் பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்று நீ பயந்தாய். எனக்கு அந்தப் பயம் இல்லை. உன் பயத்தை மீறுகிற மனசும் இல்லை.

கடைசியில் அந்தப் பேரை அவர் வீட்டுக்குள் சொன்னது அவருடைய ரேடியோதான்.

ஊரிலேயே பெரிய ரேடியோ என்று கூடத்தில் மரப்பெட்டி மேல் அதை வைத்திருந்தார். அன்று மத்தியானம் பருத்தி விலை பேச வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, சிலோன் ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்கள் பேரை வாசித்தார்கள். மண்டபத்திலிருந்து அருளப்பன், வசந்தா; விளாத்திகுளம் ஆவுடையம்மாள். நீ கேட்காத பாட்டை நீ கேட்டதாக உன் மகள் எழுதிப் போட்டிருந்தாள். வந்திருந்தவர்களில் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “என்ன மாப்ள, ஒம்ம வீட்டு வெலாசத்தையில்லா கடல் தாண்டி வாசிக்கான்” என்றார். சாயங்காலம் அந்த ரேடியோ சாக்கில் கட்டப்பட்டுக் கடம்பூரில் அவர் பங்காளி வீட்டுக்குப் போனது.

அடுத்த முறை நான் வந்தபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் நீ என்னைத் தனியே கூப்பிட்டாய்.

“ஏலே தம்பி, சத்தியத்துல ரேடியோவச் சொல்லலல்லா?”

சொல்லவில்லை. மடியில் ஒளிக்கிற மாதிரி சின்னதாக ஒன்று வேண்டும், அந்த ஸ்டேஷனை எடுத்தால் போதும் என்றாய். சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கோவில்பட்டிக் கடையில் பாக்கெட் ரேடியோக்கள் நன்றாகத்தான் பாடின. பஸ் ஏறி உன் ஊருக்கு வந்தால், காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு இரைச்சல். பெரிய ரேடியோவுக்கு அத்தான் கூரை மேல் கம்பி கட்டியிருந்தார். இதற்கு எங்கே போய்க் கம்பி கட்டுவது? மாற்றி எடுத்து வந்தது திருநெல்வேலியை மட்டும் பிடித்தது. பருத்திக்கு மருந்தடிப்பதைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். “இதையா நான் கேட்டேன்? இதத்தான் ஒங்க அத்தான் நாள் பூரா பேசுதாரே” என்று சிரித்தாய். வசந்தா போன பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதையும் திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்கார அண்ணாச்சி சலித்துக்கொண்டார். “இங்கன பாடுதுல்லா சார்வாள்? அங்கன பாடலன்னா ரேடியோவக் கொற சொல்லாதீங்க. ஊரக் கொற சொல்லுங்க.” ஊரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இருந்ததில்லை என்பதால் பேசாமல் வந்துவிட்டேன்.

நல்லது கிடைத்தது கழுகுமலையில். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் அங்கே தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். தோல் உறை கிழிந்த பழைய ரேடியோ ஒன்று அவரிடம் இருந்தது. முதலில் தர மறுத்தார். உன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்தக் குரலக் கேட்டா எனக்குச் சோறு எறங்குறதில்லங்க. அந்தம்மாவுக்காவது ஆகட்டும்” என்று கொடுத்தார். ஒரு ஆளைச் சாப்பிட விடாத குரல் இன்னொரு ஆளுக்குச் சாப்பாடாக இருக்கும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அது உன் ஊரில் பேசியது. எல்லா இடத்திலும் இல்லை. வத்தல் மூட்டைகள் அடுக்கிய அறையில், சன்னலுக்குக் கீழே, அகலவாட்டில் திருப்பி வைத்தால் மட்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் செத்துவிடும். இடம் தவறக் கூடாது என்று தரையில் சுண்ணாம்பால் நீ ஒரு கோடு இழுத்தாய். நல்ல இடம்தான். உள்ளே காலை வைத்ததும் அத்தானுக்குத் தும்மல் பிடிக்கும்; அதனால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் நீ காம்பு கிள்ளும் சாக்கில் உள்ளே போய்விடுவாய். முந்தானையால் ரேடியோவை மூடி, காதை அதன் மேல் வைத்துக்கொள்வாய். உனக்குத் தும்மலே வராதா அக்கா? அடக்கிக்கொண்டாயா? கேட்க நினைத்துக் கேட்காமல் போய்விட்டேன்.

எப்போதாவதுதான் பேர் வரும். வந்த தடவை நான் ஊருக்கு வந்தால் உன் முகத்திலேயே தெரியும். “வந்துட்டுல. நல்லாத்தான் இருக்கா” என்பாய். எந்தப் பாட்டு என்று கேட்டால் தெரியாது. பேர் முடிந்ததும் அணைத்துவிடுவாய், பேட்டரி தீர்ந்துவிடும் என்று.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது அந்த அறையில்தான். வசந்தாவுக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்று நான் மன்றாடினேன். அத்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அவதான் போயிட்டா. அவ பண்ணுன சத்தியம் போவல. அத ஒடைச்சு அந்தப் புள்ளையையும் அவ பின்னால அனுப்பாதல.” உன் பயத்தை எடுத்து என் வாயைக் கட்டினார். பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது நான் வத்தல் அறைக்குள் போய், மூட்டைகளுக்கு இடையிலிருந்து ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது. அவர் செய்ததை மன்னிக்கவும் எனக்கு உத்தேசம் இல்லை.

இனிச் செய்தியைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள் வாழ்த்து வாசித்தார்கள். மண்டபம் செல்வி ஸ்டெல்லா ஆவுடையம்மாள் தன் முதலாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறாள். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் அக்கா. உன் பேர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பேரை இதுவரை வாசித்ததில்லை போலிருக்கிறது, அறிவிப்பாளர் கொஞ்சம் தயங்கித்தான் வாசித்தார். பிறகு வாழ்த்துபவர்கள்: அப்பா அருளப்பன், அம்மா வசந்தா, விளாத்திகுளம் ஆச்சி ஆவுடையம்மாள்.

அவளுக்குத் தெரியவில்லை. வத்தல் அறையோ வேறு எதுவோ, எங்கேயோ உட்கார்ந்து நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்று இன்னும் எழுதிப் போடுகிறாள். நீ உயிரோடு இருப்பது இனி அவள் நினைப்பில், அந்த ஒரு இடத்தில்தான். அங்கேயும் நான் போய் உன்னைச் சாகடிக்க வேண்டுமா? இல்லை, வருஷம் முழுக்க ஆளில்லாத அறையைப் பார்த்து அவள் பேசிக்கொண்டே இருக்க விட வேண்டுமா? ரேடியோவில் இன்னும் உன் வத்தல் தூசி இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது அந்த நெடியால் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

அவள் வாசலை மிதிக்க மாட்டேன் என்றுதான் சூடம் அணைத்தேன். அவளுக்குக் கடுதாசி எழுத மாட்டேன் என்று. உனக்கு எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நான் எழுதியதைப் பத்திரிகையில் போடக் கூடாது என்றும் அத்தான் சொல்ல மறந்துவிட்டார். மண்டபத்திலும் பத்திரிகைக் கடை இருக்கும்.

இதை அவள் பார்த்துவிட்டு வந்தால் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். பேசக் கூடாது என்றால் பேச மாட்டேன். ரேடியோவை அவள் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும் என்று காட்டிவிடுகிறேன். அதுவரை அதற்குப் பேட்டரி தீராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

உன்னோடு சேர்ந்து சூடம் அணைத்த கையால் இதை எழுதும்,
உன் தம்பி.