சால்மன் கவிதையில் நான் வெட்டிய வரி

2006 மார்ச் 12, ஞாயிறு. ஃபஹாஹீல், குவைத்.

மனம் அடங்கவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

1. பக்கத்து அறை செல்வினின் தனிமை.
2. முட்டையிட்டபின் சால்மன் மீன்கள் எல்லாமே இறந்துவிடும்.
3. இன்று அவர் சொன்னது.

செல்வின் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். டியூட்டி முடிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கவிதை எழுதுவார். யாரோடும் பழகமாட்டார். நான் அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால், எழுதியதை என் கதவுக்கடியில் மட்டும் தள்ளிவிடுவார். போன வாரக் கவிதையில் சால்மன்கள் பிறந்த ஆற்றில் ஏறி முட்டையிட்டன. ‘சில மட்டும் கடலுக்குத் திரும்பும்’ என்ற கடைசி வரியைப் பிழையென்று வெட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

இன்று சமையலறையில் அவராகவே பேசினார்.

“வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறேன் சாரே. கலியாணம்.”

“எப்போ திரும்புவீங்க?”

“ரெண்டு மனசா இருந்தேன். ஒண்ணும் திரும்பாதுன்னு நீங்கதானே வெட்டினீங்க. ரிசைன் லெட்டர் எழுதியாச்சு. காலையில குடுக்கணும்.”

சிரித்தார். விளையாட்டா, நிஜமா? ஊரில் வேறு வேலை இருக்கிறதா? எதையும் கேட்கத் துணியவில்லை.

அறைக்கு வந்து கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். அட்லாண்டிக் சால்மன்களில் சில பிழைத்துக் கடலுக்குத் திரும்புகின்றன.

அவர் காலை ஐந்தரைக்கு டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் நான் கதவைத் தட்ட வேண்டும். அவர் வரி சரி. மேலே இரண்டாவதாக எழுதியிருப்பது தவறு.